கோடை விடுமுறையும் ஆண்டு முழுதுமான பாடசாலையும்: ஐக்கிய அமெரிக்கக் கல்வி வரலாற்றிலிருந்து ஒரு நோக்கு

காலத்தைப் பகுத்துக்கொள்ளும் முறையில் ஒரு சமூகம் தனது முன்னுரிமைகளை வெளிப்படுத்துகின்றது. எந்நாட்களில் உழைப்பது, எந்நாட்களில் ஓய்வது, பிள்ளைகளை எப்போது கல்விக்கு அனுப்புவது, எப்போது வீட்டில் வைத்துக்கொள்வது என்பன அனைத்தும் அச்சமூகம் எதனை மையமாகக் கொண்டுள்ளது என்பதைக் காட்டும் அடையாளங்களாகும். அறபு மதரஸாக்கள் பலவற்றில் கல்வியாண்டு ஷவ்வாலில் தொடங்கி ஷஃபானில் நிறைவுறுகின்றது. இலங்கையின் அரசாங்க முஸ்லிம் பாடசாலைகள் ரமழானில் மூடப்படுகின்றன. ஹிஜ்ரி ஆண்டு சூரிய ஆண்டைவிட ஏறத்தாழ 11 நாட்கள் குறைந்ததாதலால், இவ்விடுமுறை ஆண்டுதோறும் முன்னகர்ந்து, ஏறக்குறைய 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் ஒரு சுற்றுச் சுற்றி வருகின்றது. ஆகவே, பாடசாலையின் ஆண்டு இயற்கையால் விதிக்கப்பட்டதன்று, மனிதர் தம் தேவைக்கும் நம்பிக்கைக்கும் ஏற்ப வகுத்துக்கொண்டதே என்பது நமக்கு அனுபவத்தால் தெரிந்த உண்மையாகும்.

எனினும் உலகின் பல பகுதிகளில் நீண்ட கோடை விடுமுறை என்பது சூரியன் கிழக்கில் உதிப்பதைப் போன்ற இயல்பான ஒன்றாகவே கருதப்படுகின்றது. அதனைக் கைவிட்டு, ஆண்டு முழுவதும் சிறு சிறு இடைவெளிகளுடன் பாடசாலையை நடத்த வேண்டும் என்ற கருத்து ஐக்கிய அமெரிக்காவில் நூறு ஆண்டுகளுக்கும் மேலாக விவாதிக்கப்பட்டு வருகின்றது. அவ்விவாதத்தின் வரலாற்றை நுணுகி நோக்கினால், இரு தரப்பினரும் தமது வாதத்துக்கு அடிப்படையாகக் கொண்ட வரலாறே பிழையானது என்பது புலனாகும். அதனை எடுத்துக் காட்டுவதும், அதிலிருந்து நாம் பெறக்கூடிய பாடத்தை இனங்காண்பதுமே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வயலில் பிறந்த விடுமுறையா?

நீண்ட கோடை விடுமுறை பற்றிப் பரவலாகச் சொல்லப்படும் விளக்கம் ஒன்றுண்டு. முற்காலத்தில் அமெரிக்கர் பெரும்பாலும் விவசாயிகளாக இருந்தனர். கோடையில் வயல் வேலைக்குப் பிள்ளைகள் தேவைப்பட்டனர். எனவே பாடசாலைகள் மூடப்பட்டன. இன்று விவசாயம் சுருங்கிவிட்ட பின்னரும் அப்பழைய வழக்கம் நீடிக்கின்றது என்பதே அவ்விளக்கம். நாட்காட்டியை மாற்ற விரும்புவோர் இதனைத் தமக்குச் சாதகமான சான்றாக எடுத்தாள்கின்றனர். கேட்பதற்குப் பொருத்தமாகத் தோன்றினாலும், வரலாற்றுச் சான்றுகள் இதற்கு இடமளிக்கவில்லை.

வட அமெரிக்க விவசாயத்தில் ஆட்கள் மிகுதியாகத் தேவைப்பட்ட காலங்கள் இரண்டு. ஒன்று வசந்த காலத்து விதைப்பு. மற்றையது இலையுதிர் காலத்து அறுவடை. இதற்கேற்ப 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கிராமப்புறப் பாடசாலைகள் பெரும்பாலும் இரு தவணைகளில் இயங்கின. குளிர்காலத் தவணையில் வயல் வேலையிலிருந்து விடுபட்ட பெரிய பையன்கள் வந்து கற்றனர். அவர்களுக்குப் பெரும்பாலும் ஆண்களே கற்பித்தனர். கோடைத் தவணையில் சிறு பிள்ளைகள் வந்தனர். இளம் பெண்கள் ஆசிரியைகளாகப் பணியாற்றினர். அதாவது, கோடை விடுமுறைக்குக் காரணம் எனச் சொல்லப்படும் அதே கிராமத்தில், கோடையில் பாடசாலை திறந்திருந்தது. மேய்ன் மாநிலத்தின் அரூஸ்டுக் பகுதியில் உருளைக்கிழங்கு அறுவடைக்கெனப் பாடசாலைகளை மூடும் மரபு 20ஆம் நூற்றாண்டிலும் நெடுங்காலம் நீடித்தது. அம்மரபுக்குரிய பருவமும் கோடையன்று, இலையுதிர் காலமே.

நகரங்களின் நிலை இன்னும் வியப்பூட்டுவதாகும். 1840களின் தொடக்கத்தில் பொஸ்டன் நகரப் பாடசாலைகள் ஆண்டில் 244 நாட்களும், நியூயோர்க் நகரப் பாடசாலைகள் 248 நாட்களும், பிலடெல்பியாவின் பாடசாலைகள் 250 நாட்களுக்குச் சற்று அதிகமாகவும் திறந்திருந்தன. இன்று அந்நாட்டின் பெரும்பாலான மாநிலங்களில் பாடசாலை நாட்கள் 180 அளவிலேயே உள்ளன. ஆண்டு முழுதுமான பாடசாலை எனப் புதுமையாகப் பேசப்படுவது, உண்மையில் அந்நகரங்களின் மிகப் பழைய வழக்கமேயாகும். எனினும் பாடசாலை திறந்திருந்தது என்பதும் பிள்ளைகள் அங்கிருந்தனர் என்பதும் ஒன்றல்ல. கட்டாயக் கல்விச் சட்டம் அப்போது எங்கும் இருக்கவில்லை. அத்தகைய முதலாவது மாநிலச் சட்டத்தை 1852இல் மாசசூசெட்ஸ் இயற்றியபோதும், அது ஆண்டுக்கு 12 வார வருகையையே கோரியது. மிஸிஸிப்பி மாநிலம் 1918இல் இச்சட்டத்தை இயற்றும் வரை, நாடு முழுவதற்கும் கட்டாயக் கல்வி என்ற நிலை ஏற்படவில்லை.

நகரம் வகுத்த கோடை

இவ்வாறாயின், நீண்ட கோடை விடுமுறை எங்கிருந்து வந்தது? கல்வி வரலாற்றாசிரியர் கென்னத் கோல்ட் 2002இல் வெளியிட்ட ஆய்வு நூலில் இதனை விரிவாக ஆராய்ந்துள்ளார். நகரங்களில் பாடசாலை நாட்கள் படிப்படியாகக் குறைந்தன. கிராமங்களில் படிப்படியாகக் கூடின. இரண்டும் நடுவில் சந்தித்தபோது உருவானதே இன்றைய நாட்காட்டி என்பது இத்தகைய ஆய்வுகளிலிருந்து பெறப்படும் முடிவாகும்.

நகரங்களில் நாட்கள் குறைந்தமைக்குப் பல காரணங்கள் ஒன்றிணைந்தன. முதலாவது வெப்பம். காற்றோட்டம் குறைந்த செங்கற் கட்டடங்களில், நெருக்கமாக அமர்த்தப்பட்ட பிள்ளைகள் ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில் பெரிதும் வாடினர். இரண்டாவது, வசதி படைத்த குடும்பங்கள் கோடையில் நகரை நீங்கிக் கடற்கரைகளுக்கும் மலைப்பகுதிகளுக்கும் சென்றன. வகுப்பறைகள் பாதி வெறுமையாகின. வெற்று இருக்கைகளுக்காகச் செலவு செய்ய நகர நிர்வாகங்கள் விரும்பவில்லை.

மூன்றாவது காரணம் அக்கால மருத்துவக் கருத்தாகும். ஹார்ட்போர்ட் நகர மருத்துவர் அமரியா பிரிகாம் 1832இல் வெளியிட்ட நூலில், இளம் வயதில் மூளைக்கு மிகையான உழைப்புக் கொடுப்பது உடலையும் உள்ளத்தையும் கெடுக்கும் என எச்சரித்தார். இக்கருத்துப் பெற்றோரிடையேயும் கல்வி நிர்வாகிகளிடையேயும் பெரும் செல்வாக்குப் பெற்றது. இடையறாத படிப்பு பிள்ளைக்கு ஆபத்து. நீண்ட ஓய்வு அதற்கு மருந்து என அவர்கள் நம்பினர்.

நான்காவது காரணம் ஆசிரியர் தொடர்பானது. ஹொரஸ் மான் மாசசூசெட்ஸ் மாநிலக் கல்விச் சபையின் செயலாளராக இருந்த காலத்தில், 1839இல், லெக்சிங்டனில் அந்நாட்டின் முதலாவது அரச ஆசிரியர் பயிற்சிப் பாடசாலை தொடங்கப்பட்டது. கற்பித்தல் என்பது பயிற்சி வேண்டும் ஒரு தொழில் என்ற எண்ணம் வலுப்பெற, ஆசிரியர் கூடிக் கற்பதற்கும் இளைப்பாறுவதற்கும் கோடை உரிய காலமாயிற்று.

கிராமத்தில் இதற்கு மாறான போக்கு நிலவியது. சீர்திருத்தவாதிகள் அங்கு பாடசாலை நாட்களைக் கூட்டவும், சிதறிக் கிடந்த தவணைகளை ஒன்றிணைக்கவும் முயன்றனர். 1869-70ஆம் கல்வியாண்டில் நாடு முழுவதற்குமான சராசரிப் பாடசாலை ஆண்டு 132 நாட்கள். ஒரு மாணவர் சராசரியாக வந்தது 78 நாட்களே. 1929-30இல் இவை முறையே 173 நாட்களாகவும் 143 நாட்களாகவும் உயர்ந்தன. இவ்விரு தொகை எண்களுள் இரண்டாவதே முக்கியமானது. கோடை விடுமுறை நிலைபெற்ற அதே அறுபது ஆண்டுகளில், ஒரு பிள்ளை உண்மையில் வகுப்பில் இருந்த நாட்கள் ஏறத்தாழ இருமடங்காயின. நீண்ட விடுமுறை கல்வியின் வீழ்ச்சியோடு வந்ததன்று என்பதற்கு இதுவே போதிய சான்றாகும்.

மூடிய கதவுக்கு வெளியே நின்ற பிள்ளை

எனினும் இந்த ஏற்பாட்டில் ஒரு குறை ஆரம்பம் முதலே இருந்தது. கடற்கரைக்குச் செல்லும் பிள்ளையைக் கருத்திற் கொண்டு மூடப்பட்ட கதவு, எங்கும் செல்ல வழியற்ற பிள்ளைக்கும் மூடப்பட்டது. தொழிலாளர் குடியிருப்புகளிலும் குடியேறிகளின் சேரிகளிலும் வாழ்ந்த பிள்ளைகளுக்குக் கோடை என்பது தெருவைக் குறித்தது.

இதனை முதலில் உணர்ந்தோர் கல்வித் திணைக்களத்தினரல்லர். சமயத் தாபனங்களும் தரும சங்கங்களுமே. 1866இல் பொஸ்டனில் ஒரு தேவாலயம் விடுமுறைக் காலப் பாடசாலையொன்றை நடத்தியது. 1885இல் நியூவார்க் நகரிலும், 1894இல் நியூயோர்க்கில் ஏழைகளின் நிலையை மேம்படுத்துவதற்கான சங்கத்தின் முயற்சியாலும் இவை தொடங்கப்பட்டன. சில ஆண்டுகளில் நியூயோர்க் கல்விச் சபையே அவற்றைப் பொறுப்பேற்றது. இப்பாடசாலைகளில் வழமையான பாடங்களைவிடக் கைவேலை, தையல், சமையல், இயற்கை அவதானம், இசை, விளையாட்டு என்பவற்றுக்கே முதன்மை அளிக்கப்பட்டது. விடுமுறையை ஒழிப்பதற்குப் பதிலாக, விடுமுறையை நிரப்புவதே இவற்றின் வழியாக இருந்தது. நாம் இறுதியில் வந்தடையும் முடிவுக்கு இம்முயற்சி முக்கியமானதாகும்.

மற்றொரு வழி, பாடசாலையையே ஆண்டு முழுவதும் திறந்து வைப்பதாகும். 1904இல் இந்தியானா மாநிலத்தின் பிளப்டன் என்னும் சிறு நகரில், கல்வி அத்தியட்சகர் வில்லியம் வேர்ட் ஆண்டை நான்கு பகுதிகளாக்கிப் பாடசாலை நடத்தினார். நியூவார்க்கில் 1912 முதல் 1931 வரை, குடியேறிகள் மிகுந்த பகுதிகளில் ஆண்டு முழுதுமான பாடசாலைகள் இயங்கின. குடியேறிகளின் பிள்ளைகள் விரைவில் ஆங்கிலம் கற்கவும், பலர் வேலைக்குச் செல்லும் வயதை எட்டுமுன் ஆரம்பக் கல்வியை நிறைவு செய்யவும் அவை உதவும் என எதிர்பார்க்கப்பட்டது. பென்சில்வேனியாவின் உருக்குத் தொழில் நகரான அலிகுவிப்பாவில் 1928 முதல் 1938 வரை இது நடைமுறையில் இருந்தது. அங்கு காரணம் வேறு: ஆலைக்கு வந்த தொழிலாளரின் பிள்ளைகளுக்குப் போதிய கட்டடங்கள் இருக்கவில்லை.

இடநெருக்கடியின் நாட்காட்டி

அலிகுவிப்பாவின் இக்காரணமே பின்னர் நாடு தழுவிய காரணமாயிற்று. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய காலத்தில் பிறப்பு வீதம் உயர்ந்து, புறநகர்கள் பெருகின. வரிச்சுமைக்கு அஞ்சிய மக்கள் புதிய கட்டடங்களுக்கான கடன் முன்மொழிவுகளைப் பல இடங்களில் நிராகரித்தனர். 1970இல் இலினோய் மாநிலத்தின் ரோமியோவில் நகரை மையமாகக் கொண்ட வலி வியூ கல்வி மாவட்டம் 45-15 எனப்படும் திட்டத்தை நடைமுறைப்படுத்தியது. 45 பாடசாலை நாட்கள், பின்னர் 15 நாட்கள் விடுமுறை. இச்சுற்று ஆண்டில் நான்கு முறை வரும். மொத்தம் அதே 180 நாட்கள்.

இதன் உண்மையான பயன் கணக்கில் தெரியும். மாணவர் நான்கு பிரிவுகளாக்கப்பட்டு, எந்நேரமும் ஒரு பிரிவு விடுமுறையில் இருக்குமாறு செய்யப்பட்டது. எனவே 750 பேருக்கான கட்டடத்தில் 1,000 பேரைச் சேர்க்க முடிந்தது. ஒரு செங்கல்லும் வைக்காமல் பாடசாலை மூன்றிலொரு பங்கு பெரிதாயிற்று.

கலிபோர்னியா மாநிலம் இவ்வழியில் வெகுதூரம் சென்றது. லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் பல பாடசாலைகள் மாணவரை மூன்று பிரிவுகளாக்கி, இரு பிரிவுகள் மட்டும் ஒரே நேரத்தில் கற்கும் முறையைக் கையாண்டன. இம்முறையில் பாடசாலை நாட்கள் 180க்குப் பதிலாக 163ஆகக் குறைந்தன. ஒவ்வொரு நாளும் சில நிமிடங்கள் கூட்டப்பட்டதால் இழப்பு ஈடுசெய்யப்பட்டதாகக் கொள்ளப்பட்டது. ஆனால் ஆண்டுக்கு 17 நாட்கள் என்பது பன்னிரண்டு ஆண்டுகளில் 204 நாட்கள். அதாவது ஒரு முழுக் கல்வியாண்டினும் அதிகம். இந்நிலைக்கு உள்ளானோர் பெரும்பாலும் வறிய குடியேறிக் குடும்பங்களின் பிள்ளைகளே. 2000இல் தொடுக்கப்பட்ட வில்லியம்ஸ் வழக்கில் இதுவும் ஒரு முறைப்பாடாக முன்வைக்கப்பட்டது. 2004இல் எட்டப்பட்ட இணக்கத்தின்படி, 163 நாள் முறையை 2012க்குள் கைவிட மாநிலம் உடன்பட்டது. லொஸ் ஏஞ்சலிஸில் நூற்றுக்கும் மேற்பட்ட புதிய பாடசாலைகள் கட்டப்பட்டன. கட்டடங்கள் எழுந்ததும் ஆண்டு முழுதுமான நாட்காட்டி மறைந்தது. எதற்காக அது வந்தது என்பதை அது மறைந்த விதமே உணர்த்துகின்றது.

ஆய்வுகள் கூறுவன

நீண்ட விடுமுறையில் பிள்ளைகள் கற்றதை மறக்கின்றனர் என்பது ஆண்டு முழுதுமான பாடசாலையை ஆதரிப்போரின் முதன்மையான வாதமாகும். 1996இல் ஹரிஸ் கூப்பரும் அவரது குழுவினரும் 39 ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்தனர். கோடையின் முடிவில் மாணவரின் தேர்ச்சி சராசரியாக ஏறத்தாழ ஒரு மாதக் கற்றல் அளவுக்குப் பின்தங்கியிருப்பதாகவும், கணிதத்தில் இழப்பு அதிகம் எனவும் அவர்கள் கண்டனர். வாசிப்பில் நடுத்தர வகுப்புப் பிள்ளைகள் ஓரளவு முன்னேற, வறிய பிள்ளைகள் பின்னடைந்தனர்.

பால்டிமோர் நகரில் 1982இல் முதலாம் வகுப்பில் சேர்ந்த ஏறத்தாழ 800 பிள்ளைகளைக் கார்ல் அலெக்சாண்டர், டோரிஸ் என்ட்விஸல், லிண்டா ஒல்சன் ஆகியோர் பல ஆண்டுகள் தொடர்ந்து அவதானித்தனர். பாடசாலை நாட்களில் வறிய பிள்ளையும் வசதியான பிள்ளையும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் கற்பதாகவும், கோடையில் மட்டுமே இடைவெளி விரிவதாகவும் அவர்கள் முடிவு செய்தனர். பாடசாலை என்னும் குழாய் திறந்திருக்கையில் நீர் எல்லோருக்கும் கிடைக்கின்றது; மூடப்பட்டதும், வீட்டில் கிணறு உள்ளவனுக்கே நீர் உண்டு என்ற கருத்தில் அவர்கள் இதனை விளக்கினர்.

இம்முடிவு நெடுங்காலம் ஐயத்துக்கு இடமின்றி ஏற்கப்பட்டிருந்தது. எனினும் 2019இல் போல் வொன் ஹிப்பல் முதலானோர் அதனை மறுபரிசீலனைக்கு உட்படுத்தினர். பழைய பரீட்சைகளின் புள்ளியளவு முறையே அந்த இடைவெளியை மிகைப்படுத்தியது எனவும், புதிய அளவைகளில் இடைவெளியின் பெரும்பகுதி பிள்ளை பாடசாலைக்குள் காலடி வைக்குமுன்னரே உருவாகிவிடுவது தெரிகின்றது எனவும் அவர்கள் எடுத்துக் காட்டினர். இதனால் கோடையில் இழப்பே இல்லை என்றாகிவிடாது. அதன் அளவு பற்றி நாம் கொண்டிருந்த உறுதி தளர்ந்துள்ளது என்பதே சரியான கூற்றாகும்.

நாட்காட்டியை மாற்றியதால் விளைந்த பயன் என்ன? கூப்பரின் குழு 2003இல் இதனையும் ஆராய்ந்தது. மொத்த நாட்களைக் கூட்டாமல் விடுமுறையை மட்டும் பிரித்து வைத்த மாவட்டங்களில் சராசரி முன்னேற்றம் மிகச் சிறியதாகவே இருந்தது. வட கரோலினாவின் வேக் மாவட்டத்தில் 2012இல் வெளிவந்த ஆய்வு, ஆண்டு முழுதுமான நாட்காட்டியால் சராசரி மாணவரின் தேர்ச்சியில் குறிப்பிடத்தக்க மாற்றம் ஏற்படவில்லை எனக் கண்டது. கலிபோர்னியாவின் பல பிரிவுப் பாடசாலைகளை ஆராய்ந்த ஜெனிபர் கிரேவ்ஸ் 2010இல் பாதகமான விளைவுகளையே கண்டார். இதில் வியப்பில்லை. 180 நாட்களை எவ்வாறு அடுக்கினும் அவை 180 நாட்களே. கோடையில் சேர்வது ஏனைய மாதங்களில் கழிகின்றது.

இரு தட்டுகளும் ஒரு கேள்வியும்

நீதியுடன் நிறுத்துப் பார்ப்பின் இரு முறைகளிலும் நன்மைகள் உண்டு. குறுகிய இடைவெளிகள் ஆசிரியரின் களைப்பைப் போக்குகின்றன. பின்தங்கிய பிள்ளைக்கு ஆண்டின் முடிவு வரை காத்திராமல், இடைவிடுமுறையிலேயே துணைக் கற்பித்தல் வழங்க முடிகின்றது. மறுபுறம், நீண்ட விடுமுறை குடும்பத்தை ஒன்றிணைக்கின்றது. வளர்ந்த மாணவர் தொழில் பழகவும், ஆசிரியர் மேற்கல்வி பெறவும் இடமளிக்கின்றது. பல பிரிவு முறையில் ஒரே வீட்டின் பிள்ளைகள் வெவ்வேறு மாதங்களில் விடுமுறை பெற்று, பெற்றோர் அல்லலுற்றமையும் உண்டு. இவற்றோடு, கல்விக்குப் புறம்பான நலன்களும் இவ்விடயத்தில் தலையிட்டுள்ளன. வேர்ஜீனியா மாநிலத்தில் 1986இன் சட்டமொன்று, செப்டெம்பர் முதற் பகுதியில் வரும் தொழிலாளர் தினத்துக்கு முன் பாடசாலைகள் திறப்பதைத் தடுத்தது. கேளிக்கைப் பூங்காக்களும் சுற்றுலாத் துறையும் அதற்கு ஆதரவளித்தன. ஒரு பூங்காவின் பெயராலேயே அச்சட்டம் மக்களிடையே அழைக்கப்பட்டது. 2019இலேயே அது தளர்த்தப்பட்டது.

இவ்வரலாறு முழுவதிலும் ஓர் உண்மை திரும்பத் திரும்ப வெளிப்படுகின்றது. விடுமுறையை நீட்டியபோது வெப்பமும் வசதி படைத்தோரின் பயணமும் கவனத்திற் கொள்ளப்பட்டன. விடுமுறையைச் சிதைத்தபோது கட்டடச் செலவு கவனத்திற் கொள்ளப்பட்டது. வறிய பிள்ளை அந்த நாட்களில் எங்கிருக்கின்றது, யாரிடம் கற்கின்றது என்ற கேள்வியைத் தெளிவாக எழுப்பியவை விடுமுறைக் காலப் பாடசாலைகளே. நாட்காட்டியின் வடிவம் பற்றிய விவாதம், அக்கேள்வியை எதிர்கொள்ளாமல் தவிர்ப்பதற்கான வழியாகப் பல வேளைகளில் அமைந்துவிட்டது.

நமது சூழலிலும் இதே கேள்வி பொருந்துகின்றது. ரமழான் விடுமுறை பற்றி, அதன் நீளம் பற்றி, ஏனைய பாடசாலைகளோடு அது முரண்படுவது பற்றி நம்மிடையே கருத்துகள் எழுவதுண்டு. அவை பேசப்பட வேண்டியவையே. ஆயினும் நூல்கள் நிறைந்த வீட்டில் அம்மாதத்தைக் கழிக்கும் பிள்ளைக்கும், ஒரு நூலும் இல்லாத வீட்டில் அதனைக் கழிக்கும் பிள்ளைக்கும் அதே விடுமுறை ஒன்றாக இருப்பதில்லை. ஊரின் நூலகம் அந்நாட்களில் திறந்திருக்கின்றதா, பள்ளிவாசலின் முற்றத்தில் பிற்பகல் வேளையில் வாசிப்புக்கும் கணிதத்துக்கும் உதவ ஓர் ஆசிரியர் இருக்கின்றாரா, படித்த இளைஞர் தம் அயலிலுள்ள சிறுவருக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குகின்றனரா என்பனவற்றுக்கு நாம் அளிக்கும் விடையே விடுமுறையின் பெறுமதியைத் தீர்மானிக்கும். 1866இல் பொஸ்டனில் அப்பணியைத் தொடங்கியோர் அரசாங்க ஆணைக்காகக் காத்திருக்கவில்லை. நாமும் காத்திருக்க வேண்டியதில்லை.